லாடப் பூவும் பாதித் தலையும்

என் அக்காள் புருஷன் டெலஸ்ஃபோர் கோடெட்டுக்குக் கையில் இருந்த தொழில் முடிவெட்டுவது, வாயில் இருந்த தொழில் பேஸ்பால். ஆல்டன் ஃபால்ஸ் நூற்பாலையிலிருந்து வீடு திரும்பும் ஆண்கள் சனிக்கிழமை சாயங்காலம் அவர் கடை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு முடி வளர்ந்திருக்கும், மீதிப் பேர் கதை கேட்க வந்திருப்பார்கள். அத்தான் ஜென்மத்தில் மட்டையைப் பிடித்தவரில்லை. கோவில் திருவிழாவில் ஒருமுறை பந்து அவரைப் பார்த்து உருண்டு வந்தபோது மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கி நின்றார், நானே பார்த்தேன். ஆனால் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டால் பாஸ்டன் அணியை யார் நடத்த வேண்டும், எவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா செத்த பிறகு என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார், ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வீடு தேடிப் போய்ச் சவரம் செய்துவிட்டு வருவார். அவருக்கு இருந்தது ஒரே நோய்தான். ஊர் மெச்ச வேண்டும். அதிலும் கோட்டுப் போட்ட பெரிய மனிதன் யாராவது எதிரே வந்துவிட்டால் முதுகு தானாக வளைந்துவிடும். அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரெஞ்சு பேசும் ஆலைக்காரர்கள் குடியிருந்த எங்கள் தெருக்களில் பிறந்து பெரிய அணிக்குப் போன முதல் பையன் ஒவிலா பேலான். அவன் பிலடெல்ஃபியா அணியில் சேர்ந்த செய்தி பத்திரிகையில் வந்த அன்றைக்கே அத்தான் கடையில் ஒரு புதுக் கதை முளைத்தது. "அந்தத் தலைக்கு என் கத்தரியைத் தவிர வேற கத்தரி பட்டதில்ல தெரியுமா? இந்த நாற்காலியில வச்சுத்தான் மட்டையை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன்" என்பார். வாரத்துக்கு வாரம் கதை வளர்ந்தது. குளிர்காலம் முடிவதற்குள் ஒவிலாவை அவரே பெற்று வளர்த்த மாதிரி ஆகிவிட்டது.

உண்மை என்னவென்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். ஒவிலா அந்த நாற்காலியில் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. அப்போது சின்னப் பையன். மறுநாள் பிஷப் கோவிலுக்கு வந்து அவன் வயதுப் பையன்களுக்கு நெற்றியில் எண்ணெய் பூசும் உறுதிபூசுதல் சடங்கு. தகப்பன் இல்லாத பையன். அம்மாவுக்கு ஆலையில் விரல்கள் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்ததால் வழக்கம்போல வீட்டில் வெட்டிவிட முடியாமல் கடைக்கு அனுப்பினாள். அத்தான் அவன் தலையில் ஒரு பக்கத்தை வெட்டி முடித்த நேரத்தில் ஆலை மேற்பார்வையாளர் மிஸ்டர் தார்ன்லி சவரத்துக்கு வந்துவிட்டார். அத்தான் பையனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டு, நாற்காலியைத் துண்டால் தட்டினார். பையன் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தான். தார்ன்லிக்குப் பிறகு தார்ன்லியின் நண்பர் வந்தார், அவருக்குப் பிறகு இன்னொருவர். கடை மூடும் நேரத்தில், "திங்கட்கிழமை வாடா தம்பி" என்றார் அத்தான்.

மறுநாள் கோவிலில் எல்லாப் பையன்களும் தொப்பியைக் கழற்றியபோது சபை முழுக்கச் சிரித்தது. கட்டுப் போட்ட கையோடு அம்மாதான் வெட்டப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அத்தான் மட்டும் வீட்டுக்கு வந்து அக்காளிடம் சொல்லி அழுதாராம். அழுதவர் அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலக் கடையைத் திறந்தார்.

இப்படிப்பட்டவர் ஒவிலாவுக்குப் பூ கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பியபோது நான் வாயைப் பிளந்தேன். ஏப்ரல் பத்தொன்பது மாநிலத்துக்கே விடுமுறை. பாஸ்டனில் அன்று காலையில் ஓர் ஆட்டம், பிற்பகலில் ஓர் ஆட்டம். பருவம் தொடங்கி அப்போதுதான் சில நாட்கள் ஆகியிருந்தன. பிலடெல்ஃபியாக்காரர்கள் ஆட வருகிறார்கள், ஒவிலா மூன்றாம் பேஸில் காவல் நிற்கப் போகிறான். ஊர்க்காரர்கள் சேர்ந்து போய், தங்கள் பையன் முதல் முறை மட்டை பிடிக்க வரும்போது ஆட்டத்தை நிறுத்தி, குதிரை லாடம் மாதிரிக் கட்டிய ஆளுயரப் பூவளையத்தை மைதானத்தில் வைத்தே கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். லாடம் அதிர்ஷ்டமாம்.

ஆனால் பந்தாட்டக்காரர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். தேவாலய வாத்தியக் குழுவின் தலைவர் ஃபபியான் கடையிலேயே சொன்னார்.

"பூ வாங்கினவன் அன்னிக்கு உருப்பட்டதா சரித்திரமே இல்ல, டெலஸ்ஃபோர். கை கட்டிப்போயிரும்."

"போய்யா. உன் ட்ரம்பெட் கேட்டாத்தான் கை கால் எல்லாம் கட்டிப்போகும்" என்றார் அத்தான். கடையே சிரித்தது. அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டில் நான் தனியாகப் பிடித்துக்கொண்டேன். "அத்தான், அவன் எல்லார் முன்னாடியும் அந்தக் கதையைச் சொல்லிட்டா எங்க கொண்டுபோய் மூஞ்சிய வச்சுப்பீங்க?"

"அதெல்லாம் சின்னப் பிள்ளையில நடந்தது. அவனுக்கு ஞாபகம் இருக்குமா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ரயிலில் ஒரு பெட்டி முழுக்க நாங்கள். வாத்தியங்கள், சாப்பாட்டுக் கூடைகள், துணி போர்த்திய லாடம். அத்தான் வற்புறுத்தி அழைத்ததால் மிஸ்டர் தார்ன்லியும் வந்திருந்தார். நரைத்துவிட்ட மீசையோடு ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்திருந்தார், அத்தான் அவருக்கு எதிரில் நின்றுகொண்டே வந்தார். ஒவிலாவின் அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் வர முடியவில்லை. பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட தூர்த்தியேர் ஒன்றைத் துணியில் கட்டி என்னிடம் கொடுத்திருந்தாள். "உன் கையால அவன் கையில குடு அல்பெர்தீன். வேற யார்கிட்டயும் குடுத்திராத" என்றாள். யாரை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது.

மைதானத்தில் காற்று எலும்பைக் குடைந்தது. ஏப்ரல் என்று பெயர்தான், எல்லோரும் கம்பளிக் கோட்டுக்குள் சுருண்டிருந்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் ஒவிலா மட்டையோடு நடந்து வந்தான். நடுவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். ஒலிகுழலைப் பிடித்தவன் எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பும் தவறுமாகக் கத்தினான். வாத்தியம் முழங்க நாங்கள் புல்லில் இறங்கினோம். லாடத்தின் ஒரு காலை ஃபபியானின் தம்பி பிடித்துக்கொண்டான், இன்னொரு காலை நான். ரிப்பனில் 'ஆல்டன் ஃபால்ஸின் பெருமை' என்று தங்க எழுத்து.

அத்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். காற்று பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, ஆனாலும் "இந்தத் தலையை நான் சின்ன வயசுலேருந்து..." என்பது எங்களுக்கெல்லாம் நன்றாகவே கேட்டது. ஒவிலா கேட்டுக்கொண்டு நின்றான். உயரமாக, தோள் அகன்று, அழகாக இருந்தான். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, அத்தானைக் கட்டிப்பிடிக்க வருகிறவன் மாதிரிக் குனிந்தான். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னது அத்தானுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும்தான் கேட்டது.

"மீதிப் பாதியை எப்ப வெட்டப் போறீங்க?"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. கட்டிப்பிடித்த கை அப்படியே மரத்து நின்றது. ஒவிலா அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பூவுக்கு ரொம்ப நன்றி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவன் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் அத்தானை ஒழித்திருக்கலாம், செய்யவில்லை. அவன் திட்டியிருந்தால்கூட அத்தானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கே நிற்கக் கூசியது.

பிறகு அவன் மட்டையைத் தூக்கினான். மூன்று பந்து, மூன்று முறையும் காற்றைத்தான் அடித்து ஆட்டமிழந்தான். பாஸ்டன்காரர்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"ஏய், லாடம் குதிரைக்கா கழுதைக்கா?"

"கால்ல மாட்டிக்கடா, ஓட வசதியா இருக்கும்!"

"கல்யாணத்துக்கா கருமாதிக்கா அந்தப் பூவு?"

காலை ஆட்டம் முடியும்வரை அவனால் ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்க முடியவில்லை. பிலடெல்ஃபியாக்காரர்கள் உட்காரும் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த லாடத்தை அவன் தோழன் ஒருவன் வந்து தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். லாடத்தைக் கவிழ்த்தால் அதிர்ஷ்டம் கொட்டிப்போய்விடுமாம், அதைப் பார்த்து ஃபபியான் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் வெளியே சுவரோரம் உட்கார்ந்து கூடைகளைப் பிரித்தோம். அத்தான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே இருந்தார். ஆட்கள் அவர் தோளில் தட்டி, "என்ன டெலஸ்ஃபோர், உன் சிஷ்யனுக்கு மட்டை பிடிக்கவே மறந்துபோச்சா?" என்று கேட்டார்கள். எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்கிறவர் அன்று குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஞாபகம் இருக்கு அவனுக்கு" என்றேன்.

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு."

"ஆட்டம் முடிஞ்சதும் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டுர்றேன் அல்பெர்தீன். எல்லார் முன்னாடியும் கேட்டுர்றேன். சத்தியமா." அவர் கண் கலங்கியிருந்தது. நான் நம்பினேன். அந்த நேரத்தில் அவரும் தன்னை நம்பியிருப்பார்.

பிற்பகல் ஆட்டம் கடைசிவரை இழுபறியாகப் போயிற்று. சமநிலையில் நிற்கும்போது பாஸ்டன்காரன் ஒருவன் அடித்த பந்து தரையோடு தரையாக ஒவிலாவை நோக்கி ஓடிவந்தது. தெருவில் ஆடும் பையன்கூடப் பிடித்துவிடுவான். ஒவிலா குனிந்தான். பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து பின்னால் ஓடிப்போயிற்று. பேஸ்களில் நின்ற பாஸ்டன்காரர்கள் இருவரும் ஓடி வந்து இரண்டு ரன் சேர்த்துவிட்டார்கள். மேனேஜர் விரலை மடக்கி அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு வேறொருவனை அனுப்பினார். மைதானம் முழுவதையும் கடந்து அவன் தலைகுனிந்து நடந்து வந்தபோது மேலிருந்து "லாடம்! லாடம்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். எங்கள் வரிசையில் யாருமே எழுந்திருக்கவில்லை. நாங்கள் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்பதுபோல வாத்தியங்களைக் காலடியில் தள்ளி மறைத்துக்கொண்டார்கள்.

ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வாசலில் புகைப்படம் எடுப்பதாக ஏற்பாடு. ஒவிலாவுக்கும் சொல்லியிருந்தது. படக்காரன் முக்காலியை நட்டு வைத்துத் தயாராக நின்றான். எங்கள் ஆட்கள் வாசலைப் பார்க்கவே இல்லை.

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் படம் வேற எடுக்கணுமா?" என்றார் ஒருவர்.

"நம்ம பேரைக் கெடுக்கவே பிறந்திருக்கான்."

"பூ வேண்டாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று ஃபபியான் ட்ரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

ஒருவர் பின் ஒருவராக ஸ்டேஷன் பக்கம் நகர்ந்தார்கள். பக்கத்தில் பாஸ்டன் பையன்கள் வேறு கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அத்தானும் நானும் தார்ன்லியும் மட்டும் நின்றோம். அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பை மனப்பாடம் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தார்ன்லி பைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாப்பா கோடெட், நேரமாச்சு. இந்தப் பயலுக்காகவா ரயிலை விடணும்?"

"இல்லீங்க ஐயா... ஒரே நிமிஷம்..."

"என் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துக்க. என் முதுகு சரியில்ல."

அத்தான் முதுகு வளைந்தது. என் கண்ணெதிரே வளைந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு தார்ன்லிக்குப் பின்னால் நடந்தார். "அத்தான்!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தார், ஆனால் கால்கள் நிற்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. என் அக்காள் புருஷன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

ஒவிலா வந்தபோது நானும் படக்காரனும் மட்டும்தான் இருந்தோம். பையன்கள் கத்தியதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தூர்த்தியேரைக் கையில் கொடுத்தேன். துணியின் முடிச்சைப் பார்த்ததும் அம்மா கட்டியது என்று தெரிந்துகொண்டு அதைத் தடவினான்.

"எல்லாரும் எங்கக்கா?"

"ரயிலுக்கு நேரமாயிருச்சு, தம்பி."

"அவரு?"

அவன் காலியாக இருந்த தெருவைப் பார்த்தான்.

"தார்ன்லியும் வந்திருந்தாரு இல்ல? மேல உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்" என்றான். "சரிதான். அம்மாகிட்ட நான் நல்லா ஆடினேன்னு சொல்லிருங்க."

அடுத்த ரயிலில் தனியாக வந்தேன். எங்கள் ஊர் ஸ்டேஷன் பெஞ்சில் அத்தான் மட்டும் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்ன கேட்டான்?"

"நீங்க எங்கன்னு கேட்டான்."

அவர் எழுந்து தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

மே மாதத்தில் அணி ஒவிலாவைச் சின்ன அணி ஒன்றுக்கு அனுப்பிவிட்டது. இலையுதிர்காலத்தில் அங்கிருந்தும் ஊருக்கே திரும்பி வந்து ஆலையின் சாயக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். முடி வெட்டிக்கொள்ள ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இத்தாலியனிடம் போனான். அவன் போகும் வழி எங்கள் கடைக்கு முன்னாலேயே இருந்தது. சனிக்கிழமை அவன் கடந்து போகும்போது கடைக்குள் பேச்சு நின்றுவிடும். அத்தான் கத்தரியை நிறுத்திவிட்டுத் தரையில் கிடக்கும் முடியைப் பார்ப்பார். பேஸ்பாலைப் பற்றி அவர் பேசி நான் பிறகு கேட்கவே இல்லை. பெஞ்சில் கூட்டமும் குறைந்துபோயிற்று, அவருக்குப் பேச வேறென்ன தெரியும்?

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முந்திய, திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தான் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். அவருடைய நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"இடது பக்கம் மட்டும் வெட்டு. ஒட்ட வெட்டு. அந்தப் பக்கத்தைத் தொடாத."

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"வெட்டு அல்பெர்தீன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

வெட்டினேன். அக்காள் வாசலில் வந்து நின்று பார்த்தாள், உள்ளே போய் அவருடைய தொப்பியை எடுத்துவந்து கொடுத்தாள்.

கோவில் வாசலில் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். அவரும் கழற்றினார். நடுவழியாக முன்வரிசைவரை அந்தத் தலையோடு நடந்தார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சபையே சிரித்தது. பாதிரியார் இரண்டு முறை இருமினார். சிரிப்பு அடங்கி, பூசை முடிந்து, படியில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னய்யா டெலஸ்ஃபோர், பாதியில கத்தரி உடைஞ்சிருச்சா?" என்றார் ஃபபியான்.

"இல்ல. பாதியில எழுப்பி விட்டுட்டாங்க" என்றார் அத்தான். "ஒவிலாவுக்கு அன்னிக்கு அவங்கம்மா வெட்டல. நான்தான் வெட்டினேன். தார்ன்லி ஐயா வந்தாருன்னு நான்தான் எழுப்பி விட்டேன்."

ஒவிலா அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. அத்தானுக்கு எதிரே வந்து நின்று அந்தத் தலையை நன்றாகப் பார்த்தான். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எந்தப் பக்கம் வெட்டியிருக்கீங்க?"

"இடது பக்கம்" என்றார் அத்தான். "உனக்கு வெட்டின மாதிரியே."

"எனக்கு வெட்டினது வலது பக்கம்" என்றான் ஒவிலா. "வெட்டாத பக்கம்தான் பிஷப் நின்னாரு. என்னைப் பார்த்துட்டுச் சிரிப்பை அடக்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டாரு."

அம்மாவைப் பிடித்துக்கொண்டு அவன் போய்விட்டான். அத்தான் வெட்டாத பக்கத்து முடியைக் கையால் தடவிக்கொண்டே படியில் நின்றார். தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், அவர் போட்டுக்கொள்ளவில்லை.